வரி விலக்குப் பெற்ற சுவர்

காலர் அக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் என்னவென்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காலர் தைத்துக் கொடுத்தவள், அதனால் காலர் அக்கா, அவ்வளவுதான். ஆள் குச்சி; குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் வாயைத் திறந்தால், எதிரே செல்போன் கடைக்காரன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான். அந்தக் குரலுக்குக் கிராக்கி வந்ததே கடைசிச் சில வருஷங்களில்தான். அதற்கு முன்னால் பாதி ஆயுசுக்கு, அவளுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

வீட்டைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் இடித்துக் கண்ணாடி ஒட்டிக் கடைகளாக்கிவிட்டார்கள். இது ஒன்றுதான் பழைய முகத்தோடு நின்றது. வீதியைப் பார்த்து மூன்று வளைவுகள், கலர் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், கூடத்தில் பூப்போட்ட தரை ஓடு, நடுவில் சுழன்று ஏறும் மரப்படிக்கட்டு. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைகள் வந்ததும் மனை மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் சொத்து வரி ஏறியது. குடிநீர் ஆபீசில் பில் போடுகிற குமாஸ்தா தன் சம்பளத்தில் அந்த வரியைக் கட்டுவது நடக்கிற காரியமா? அந்தக் குமாஸ்தாதான் அவள் புருஷன். வீடு அவருடைய தாத்தா கட்டியது. அந்த ஆளுக்கு 'அவர்' என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். போகட்டும், காலர் அக்காவே கடைசிவரை 'இவர்' என்றுதான் சொன்னாள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வீட்டை விற்பதா என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நகராட்சி ஒரு சலுகை கொண்டுவந்தது. பழைமை மாறாமல் வீட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வரியில் பெரும்பகுதி கிடையாது. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: பழைய அமைப்பில் கைவைக்கக் கூடாது, சொந்தக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், மாதம் ஒரு நாள் ஜனங்களுக்குத் திறந்துவிட்டு வீட்டுக்காரர்களே சுற்றிக் காட்ட வேண்டும். இதில் ஒன்றை மீறினாலும் சலுகை போய்விடும். போவதோடு நிற்காது, அதுவரை விட்டுக்கொடுத்த வரி முழுவதையும் வட்டியோடு எடுத்து வை என்பார்கள்.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள், முதல் சனிக்கிழமையானால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று அளப்பார். தாத்தா பெரிய வியாபாரி என்பார், நீதிபதிகளெல்லாம் இந்தப் படியேறித்தான் விருந்துக்குப் போனார்கள் என்பார். தாத்தா மரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டே மரம் கடத்தி இந்த வீட்டைக் கட்டியவர் என்பது தெருவுக்கே தெரியும். அதெல்லாம் வருகிறவர்களுக்கு எதற்கு? மனைவியும் மகளும் அன்றைக்குப் பின்கட்டை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். துணித் துணுக்கு ஒட்டிய புடவையோடு ஒருத்தி வந்து நின்றால் நீதிபதிகள் கதை எடுபடாதல்லவா?

மற்ற நாட்களிலும் அவர்களுக்குப் பின்கட்டுதான். சமையலறையை ஒட்டி ஓர் அறை, முன்பு விறகு போட்டு வைத்தது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் சமையலறைக்குத் திறக்கும் கதவு. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் செடி மண்டிய காலி மனை, நாள் பூராவும் காற்று அடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் தாயும் மகளும் தையல் மிஷினும் அடுப்புப் புகையும். கூடத்தில் படுத்தால் தரை ஓடு கெட்டுவிடுமாம். மாடியில் அவர் படுப்பார். மாடியின் பின்பக்கத்தில் தனக்கென்று ஒரு குளியலறை மட்டும் கட்டிக்கொண்டார். கேட்டதற்கு, மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விசேஷ அனுமதி என்றார். அவளும் நம்பினாள்.

மகளுக்கு நாலைந்து வயதிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரியானால் நெஞ்சு விசிலடிக்கும், உதடு கறுத்துப்போகும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று டாக்டர் தலையிலடித்துக்கொண்டு சொன்னார். காலர் அக்கா புருஷன் காலில் விழாத குறையாகக் கேட்டாள். பின்சுவரில் ஒரு ஜன்னல், அதுவும் கொத்தனார் கூலியைத் தன் காலர் காசிலிருந்தே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒரு ஆணி அடிச்சாப் போதும், சலுகை போயிடும். அப்புறம் நீயும் உம் பொண்ணும் ரோட்லதான் படுக்கணும். அங்க நல்லா காத்து வரும்."

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். அவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். கேட்டதும் அதுதான் கடைசி. சலுகை போனால் வீடு போகும், வீடு போனால் நடுத்தெரு என்ற பயம் அவள் எலும்பில் ஏறிவிட்டது.

மகள் அந்த அறையிலேயே இழுத்து இழுத்து வளர்ந்தாள். படிப்பை முடித்ததும் வேறு ஊரில் மருந்துக்கடை வேலை, அங்கேயே லாரி ஓட்டுகிற ஒருவனோடு கல்யாணம். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேலைக்குக் கிளம்பிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியவள், பின்னாலேயே ஓடிவந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் வைம்மா. வச்சிட்டேன்னு சொல்லு, அன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காலர் கட்டுகளைக் கம்பெனியில் போட்டுவிட்டு வரும்போது, பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் காலர் அக்கா பெற்ற மகளைப் பார்ப்பாள். டீக்கடை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் வரும்வரை பேசுவார்கள். மகள் தன் வீட்டுக்குள் வந்து ஒரு வேளை சாப்பிட்டு, காலை நீட்டி ஒரு பகல் தூங்கிவிட்டுப் போக வேண்டும். காலர் அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் புருஷன் குளியலறையில் விழுந்தார். ஒரு கையும் ஒரு காலும் போயின, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. காதுக்கும் புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்டவன் அதையும் எடுத்திருக்கலாம் என்று பிற்பாடு அவரே நினைத்திருப்பார். மாடிக்குத் தூக்கிப்போக ஆளில்லாததால் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

அந்த மாதம் வீட்டைத் திறக்கவில்லை. என்ன ஏது என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஆய்வாளர் அம்மாள் வந்தாள். நல்லவள், அதிர்ந்து பேசாதவள். இரண்டு மாதம் விட்டுப்போனால் சலுகை ரத்தாகிவிடும், இனி நீங்கள்தான் சுற்றிக் காட்ட வேண்டும் என்றாள். எனக்கு இந்த வீட்டில் என்ன தெரியும், பின்கட்டைத் தவிர என்றாள் காலர் அக்கா. சரி, அதையாவது பார்ப்போம் என்று உள்ளே போன ஆய்வாளர் அம்மாள், அறைக்குள் நின்ற மாத்திரத்தில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இங்க ஏம்மா ஒரு ஜன்னல்கூட இல்ல?"

"வச்சா சலுகை போயிடுமே மேடம்."

"யார் சொன்னா? தெருவப் பாத்த முகப்பு, கூடம், படிக்கட்டு, இந்த மூணுதான் பட்டியல்ல இருக்கு. பின்பக்கம் நீங்க என்ன வேணா பண்ணிக்கலாம். முதல் வருஷமே சார்கிட்ட சொன்னேனே. அதக் கேட்டுக்கிட்டுத்தானே மேல பாத்ரூம் கட்டினாரு."

ஆய்வாளர் அம்மாள் போனதும் காலர் அக்கா கூடத்துக்கு வந்து புருஷன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியும்" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடித்துவிடுவாளோ என்று பயந்திருப்பார். அவள் அவருடைய கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரு மண்ணுக்கும் பெறாத காரணத்துக்காக, சும்மா, ஒரு ஜன்னலை மறுத்திருக்கிறான் பாவி.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவன் வந்து பின்சுவரைத் தட்டிப் பார்த்து, சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு, திங்கட்கிழமை வந்து உடைத்துவிடுகிறேன் என்றான். திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வந்தது, அதுதான் வினை.

அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு வளைவைக் காட்டினாள், தரையைக் காட்டினாள். நீதிபதிகள் கதை பாதியில் மறந்துவிட்டது. அப்புறம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் வாருங்கள் என்று பின்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். விறகு அறை, குழந்தையின் நெஞ்சு, ஆணிகூட அடிக்க விடாத புருஷன், பட்டியலில் இல்லவே இல்லாத சுவர். சொல்லச் சொல்லக் குரல் தானாக ஏறியது. ஒருத்தரும் அசையவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் பேச்சைப் பத்துப் பேர் மூச்சுவிடாமல் கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

கொத்தனாரை அடுத்த வாரம் வரச் சொன்னாள். அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. மழை முடியட்டும் என்றாள், வெயில் குறையட்டும் என்றாள். அவனுக்குப் புரிந்துபோய் வருவதை நிறுத்திவிட்டான். ஜன்னல் வைத்துவிட்டால் அப்புறம் காட்ட என்ன இருக்கிறது, எந்த வீட்டிலும் இருக்கிற ஓர் அறைதானே?

மாதாமாதம் கூட்டம் கூடியது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆய்வாளர் அம்மாள் அசந்துபோனாள். ஊரில் சலுகை வாங்கிய எந்தப் பழைய வீட்டுக்கும் இவ்வளவு பேர் வருவதில்லையாம். காலர் அக்காவுக்கும் கைப்பழக்கம் வந்துவிட்டது. காலர் முனையைக் குச்சியால் குத்தித் திருப்பிக் கூராக்குகிற மாதிரி, கதையின் முனைகளையெல்லாம் திருப்பிக் கூராக்கினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று தெரிந்தது. காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் துணியை அதே அறையில் அவள் வெட்டும்போது பறந்த தூசி மட்டும் கதையில் வராது. சாக்பீஸ் சதுரத்தைத் தொட்டுக் காட்டி, இங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பாள். அந்த இடத்தில் மகளுக்கு மூச்சு இழுப்பதை அப்படியே தன் தொண்டையில் செய்து காட்டுவாள். நெஞ்சைக் கூட்டி, தோளைத் தூக்கி, அந்த விசில் சத்தம் அச்சு அசலாக வரும். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள்.

புருஷனுடைய நாற்காலியைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள், ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழட்டும் என்று. கதை முடிந்ததும் கூட்டத்தை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள்.

"இவர்தான். ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க. பதில் சொல்ல மாட்டார். எனக்கும் சொன்னதில்ல."

சிரிப்பார்கள். சில பேர் போட்டோ எடுப்பார்கள். வெள்ளிக்கிழமையே அவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். சாப்பாட்டைத் துப்புவார், நல்ல கையால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு மாடியைக் காட்டுவார். அவள் பொறுமையாகக் கையை விலக்கி, மறுபடி ஊட்டுவாள். நாளைக்கு ஆட்கள் வருவார்கள், தெம்பாக இருக்க வேண்டாமா என்பாள். உடம்பில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு சுத்தமாக யாரும் எந்த நோயாளியையும் வைத்திருக்க முடியாது என்று டாக்டரே பாராட்டினார்.

மகள் போன் செய்யும்போதெல்லாம் அதே கேள்விதான். ஆய்வாளர் அம்மாள் சொன்ன விஷயத்தை அம்மா சொல்லியிருந்தாள். சதுரம் போட்டதையும் சொல்லியிருந்தாள். வச்சாச்சா, வச்சாச்சா என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் பதில் சொல்ல முடியாமல் காலர் அக்கா "வச்சாச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் மகள் விசும்புவது கேட்டது. வருகிறேன்மா, லீவு கிடைத்ததும் ஓடி வருகிறேன் என்றாள். போனை வைத்த கையோடு காலர் அக்கா கொத்தனார் நம்பரைத் தேடி எடுத்தாள், எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் ஆய்வாளர் அம்மாள் வந்து, பின்கட்டு அறையையும் பட்டியலில் சேர்க்கப் போகிறோம், சேர்த்தால் வரி முழுவதுமே தள்ளுபடி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். சேர்த்துவிட்டால் அதற்கப்புறம் அந்தச் சுவரை யாரும் தொட முடியாது.

வரட்டும், அதிகாரி வந்து போகட்டும், அப்புறம் மகளிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பெரிய அதிகாரி வந்த சனிக்கிழமை கூடத்தில் எள் போட்டால் விழாது. காலர் அக்கா சலவைப் புடவை கட்டியிருந்தாள். வளைவு, தரை எல்லாவற்றையும் வேகமாக முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். இருட்டறையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவளுக்கு வாக்கு அப்படி வந்தது. சுவரில் கைவைத்து, தோளைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துக் காட்டினாள். வழக்கத்தைவிட நீளமாகவே காட்டினாள்.

"ஜன்னல் எங்கம்மா?"

கதவோரம் கூட்டத்துக்குப் பின்னால், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மகள் நின்றாள். தோளில் பை, கையில் ஒரு பெட்டி ஸ்வீட்.

"வச்சிடறேன் கண்ணு, இந்த மாசம் மட்டும் போகட்டும்" என்று காலர் அக்கா முனகினாள். மகள் சாக்பீஸ் சதுரத்தைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்கள் கையில் இருந்த போன்களைப் பார்த்தாள். அந்த அறையின் காற்று அதற்குள் அவள் நெஞ்சைப் பிடித்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"நல்லா செஞ்சு காட்டறம்மா. எனக்கே எனக்கு இழுக்கிற மாதிரிதான் இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்பா ஜன்னல் வைக்கல, அவ்வளவுதான். இத அவர் செய்யல."

ஸ்வீட் பெட்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூடத்தைத் தாண்டும்போது அப்பாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

யார் அது என்று பெரிய அதிகாரி கேட்டார். கூட்டமே காலர் அக்காவின் வாயைப் பார்த்தது. இவ்வளவு நாளும் எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை என்று அச்சடித்த மாதிரி பேசியவள், அந்த ஒரு கேள்விக்குக் கொஞ்சம் தாமதித்தாள்.

"பாக்க வந்தவங்கதான் சார்" என்றாள்.

கூடத்துக்கு வந்தபோது கலர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் மகள் தெரிந்தாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், முதுகு ஏறி ஏறி இறங்கியது. பஸ் இன்னும் வரவில்லை. நாலு எட்டில் போய்விடலாம். போனால் சுற்றிக் காட்டுவது பாதியில் நிற்கும், பெரிய அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் புருஷன் கோணிய வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் பாவம் என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது சிரிப்பு என்று காலர் அக்காவுக்குத் தெரியும். அந்தச் சிரிப்போடு எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள்.

பெரிய அதிகாரி படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, அந்தச் சாக்பீஸ் கோடு நாளடைவில் அழிந்துவிடாதா என்று கேட்டார்.

"அழிஞ்சா நான் வரைஞ்சு வச்சிடுவேன் சார்" என்றாள் காலர் அக்கா. மேலே வாருங்கள், படி வழுக்கும், பார்த்து ஏறுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஏறினாள்.